வெவ்வேறு வயதில் மூன்று குழந்தைகள்: பூங்காவில் ஒருத்தியாக எப்படிப் பார்த்துக்கொள்வது?

கேள்வி
எழுதியவர்: தெருக்கோடி வீடு (சென்னை)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு மூன்று குழந்தைகள். மூத்தவளுக்கு 9 வயது, நடுவில் உள்ளவனுக்கு 5, கடைக்குட்டிப் பையனுக்கு இன்னும் 2 வயது நிறையவில்லை. கணவருக்கு வாரத்தில் ஐந்து நாட்கள் மாலைப் பணி என்பதால், பள்ளி விட்ட பிறகு மூவரையும் நான் ஒருத்தியே பார்த்துக்கொள்கிறேன். நாங்கள் இருப்பது இரண்டாவது மாடியில் உள்ள சிறிய அடுக்கக வீடு. ஓடி விளையாட முற்றம் கிடையாது, மொட்டைமாடியையும் பூட்டியே வைத்திருக்கிறார்கள். ஆகவே நாள்தோறும் மாலை 5 மணிக்குத் தெருமுனையில் உள்ள பூங்காவுக்கு மூவரையும் அழைத்துச் செல்கிறேன்.

அங்கே விளையாட்டுப் பகுதி ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் அளவே இருக்கும். அதற்குள் இரண்டு ஊஞ்சல்கள், இரும்புச் சறுக்குமரம் ஒன்று, சீசா ஒன்று, கையால் தள்ளிச் சுற்றுகிற ராட்டினம், பெரிய குழந்தைகள் தொங்கியபடி கடக்கிற கம்பி ஏணி, மூலையில் கொஞ்சம் மணல் ஆகிய அனைத்தும் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. எந்த வயதினர் எதில் ஏறலாம் என்று சொல்லும் பலகை எதுவும் இல்லை.

சென்ற வாரம் நடந்ததைச் சொல்கிறேன். நடுவில் உள்ளவன் சறுக்குமரத்தின் உச்சியில் நின்றுகொண்டு இறங்கப் பயந்து அழுதான். கடைக்குட்டியைப் பார்த்துக்கொள்ளும்படி மூத்தவளிடம் சொல்லிவிட்டு நான் அவனிடம் ஓடினேன். அவள் அப்போது தன் பள்ளித் தோழியோடு கம்பி ஏணியருகே நின்றிருந்தாள். "சரி" என்றுதான் சொன்னாள். நான் பையனை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, கடைக்குட்டி, வேகமாக ஆடிக்கொண்டிருந்த ஊஞ்சலுக்கு நேராக நடந்து போய்க்கொண்டிருந்தான். நடைபாதையில் வந்த ஒரு பாட்டி அவன் சட்டையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்ததால் தப்பினான். எனக்குக் கைகால் நடுங்கியது. அந்தப் பதற்றத்தில், அவள் தோழியின் முன்னிலையிலேயே மூத்தவளைக் கடுமையாகத் திட்டிவிட்டேன்.

அன்றிரவு அவள், "இனிமேல் நான் பூங்காவுக்கு வரவில்லை, நீங்கள் மூவரும் போய் வாருங்கள்" என்றாள். கோபத்தில் சொன்னதாகத் தெரியவில்லை, தீர்மானமாகச் சொன்னாள். யோசித்துப் பார்த்தால், கடந்த ஓராண்டாக அவள் அங்கே விளையாடியதே குறைவுதான். மணலில் அவள் வீடு கட்டினால் தம்பி வந்து மிதித்துவிடுகிறான். ஊஞ்சலில் உட்கார்ந்தால் நான் கூப்பிட்டுவிடுகிறேன்.

இப்படி வயது வித்தியாசம் உள்ள பிள்ளைகளை ஒருவராக அழைத்துச் செல்கிறவர்கள் எங்கே நிற்கிறீர்கள், நேரத்தை எப்படிப் பிரிக்கிறீர்கள்? ஒன்பது வயதுப் பெண்ணிடம் தம்பியைப் பார்த்துக்கொள் என்று சொல்வதே தவறா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பதில் 1
எழுதியவர்: வைகைக் கரை (மதுரை)

அம்மா, நான் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியன். என் மகளின் பிள்ளைகள் இருவரை, 8 வயதுப் பெயர்த்தியையும் 3 வயதுப் பெயரனையும், மாலைதோறும் பூங்காவுக்கு அழைத்துச் செல்கிறேன். எங்கே நிற்பது என்ற உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியும்.

விளையாட்டுப் பகுதியில் சின்னக் குழந்தைக்கு மிகப் பெரிய ஆபத்து ஊஞ்சல்தான். அதில் ஆடுவதைவிட அதைக் கடப்பது ஆபத்து. சங்கிலி 2 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 பாகை வரை உயர்ந்து ஆடும் ஒரு சிறுவன் கீழ்ப்புள்ளியைக் கடக்கும்போது நொடிக்குச் சுமார் 4.4 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறான். ஒரு முறை போய்த் திரும்ப அவனுக்கு ஆவது சுமார் 3 நொடி, ஆடுபவர் எடை கூடினாலும் குறைந்தாலும் அந்த நேரம் மாறாது. இருக்கை பின்னால் போயிருக்கும்போது எதிரே தெரிவது வெறும் காலியிடம் என்பதால் குழந்தை தயங்காமல் அதில் கால் வைக்கிறது. இரண்டு எட்டு எடுத்து வைப்பதற்குள் இருக்கையின் விளிம்பு அதன் மார்புக்கோ முகத்துக்கோ நேராக வந்துவிடுகிறது. போன பொருள் திரும்பி வரும் என்று முன்கூட்டியே கணக்கிடும் அறிவு அந்த வயதுக்கு இன்னும் வரவில்லை. எத்தனை முறை எச்சரித்தாலும் அது பயன்படாது.

அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேட்டில் ஓர் எளிய அளவு இருக்கிறது. சங்கிலி மாட்டியிருக்கும் மேல்குழாய் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப் போல இரண்டு மடங்கு தூரம் ஊஞ்சலின் முன்னாலும் பின்னாலும் காலியாக இருக்க வேண்டும். குழாய் 8 அடி உயரம் என்றால் முன்னே 16 அடி, பின்னே 16 அடி. நம் ஊர்ப் பூங்காக்களில் அவ்வளவு இடம் விட்டிருப்பது அரிது. ஆனால் அந்த அளவை உங்கள் கால் நடையால் அளந்து, எங்கே முடிகிறது என்று ஒரு மரத்தையோ கல்லையோ அடையாளம் வைத்துக்கொள்ளலாம். நாங்கள் சுண்ணாம்புத் துண்டால் ஒரு கோடு போட்டோம். என் பெயரனுக்கு "ஆபத்து" என்ற சொல் புரியவில்லை, "கோடு" என்பது புரிந்தது.

நீங்கள் நிற்க வேண்டிய இடம் ஊஞ்சலுக்கும் கடைக்குட்டிக்கும் நடுவில். முதுகு ஊஞ்சல் பக்கமும் முகம் பிள்ளைகள் பக்கமும் இருக்கட்டும். பெரும்பாலோர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் பார்க்க முயல்கிறோம். பார்வைக்கு எல்லாம் படும், ஆனால் எழுந்து ஓடி எட்டிப் பிடிக்க நேரம் போதாது. ஆபத்து எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தை உங்கள் உடம்பால் அடைத்துவிட்டால், மற்ற பக்கங்களில் குழந்தை விழுந்தாலும் முழங்கால் சிராய்ப்போடு போய்விடும்.

வெவ்வேறு வயதினர் சேர்ந்து ஆடத் தக்க கருவி என்று கேட்டால் நான் சீசாவைத்தான் சொல்வேன். உங்கள் மகள் 27 கிலோ, மகன் 18 கிலோ என்று கொண்டால், அவன் நடுத்தண்டிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி உட்காரும்போது அவள் 1 மீட்டரில் உட்கார வேண்டும். இருபுறமும் பெருக்குத்தொகை 27, பலகை சமமாக நிற்கும். அவள் முனையில் போய் உட்கார்ந்தால் தம்பி அந்தரத்தில் மாட்டிக்கொண்டு அழுவான். எங்கே உட்கார்ந்தால் பலகை சமமாகும் என்று அவளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு கட்டுப்பாடு: எதிரே உள்ளவரின் கால் தரையைத் தொடாமல் ஒருவரும் இறங்கக் கூடாது. பெரியவர் சட்டென்று இறங்கினால் சின்னவர் பலகையோடு தரையில் மோதுவார், முதுகெலும்பின் அடிப்பகுதியில் அடிபடும்.

மூத்தவளிடம் பொறுப்புக் கொடுப்பதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நாங்கள் வீட்டில் ஆறு பேர். எங்களை வளர்த்ததில் பாதி எங்கள் அக்காதான். பக்குவமாகச் சொல்லிக் கொடுத்தால் பழகிக்கொள்வாள்.


பதில் 2
எழுதியவர்: மணல்வீடு (அடையாறு)

சகோதரி, நான் மாண்டிசோரி முறையில் பயிற்சி பெற்று, சின்னக் குழந்தைகளோடு 17 ஆண்டுகளாகப் பணியாற்றுகிறவள். மதுரைப் பெரியவர் ஊஞ்சலைப் பற்றியும் நிற்கும் இடத்தைப் பற்றியும் எழுதியதை அச்செடுத்து எங்கள் பள்ளியில் ஒட்டலாம் என்று நினைக்கிறேன். ஆனால் அவருடைய கடைசிப் பத்தியோடு மட்டும் என்னால் உடன்பட முடியவில்லை. உங்கள் கேள்வியின் கனமான பகுதி அதுதான் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

அக்கா தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டே பாண்டி ஆடிய காலம் உண்மையிலேயே இருந்தது. ஆனால் அந்த முற்றத்தில் அக்கா தனியாக இல்லை. திண்ணையில் ஒரு பாட்டி, கிணற்றடியில் ஓர் அத்தை, எதிர் வீட்டு வாசலில் இன்னொருவர் என்று பெரியவர்கள் இருந்தார்கள். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் வரும் இரும்பு இருக்கையும் அங்கே இல்லை. இன்று பூங்காவில் அந்த எல்லாருடைய இடத்திலும் ஒன்பது வயதுப் பெண்ணை நிறுத்துகிறோம். விளையாடும் குழந்தை சுற்றியுள்ளதை மறந்துவிடும். மறக்க முடிந்தால்தான் அது விளையாட்டு. விளையாடவும் வேண்டும், மறக்கவும் கூடாது என்று ஒரு குழந்தையிடம் கேட்டால், அது இரண்டில் ஒன்றைக் கைவிடும். உங்கள் மகள் பூங்காவையே கைவிட்டுவிட்டாள்.

ஆகவே, தம்பியின் உயிருக்குப் பொறுப்பு அவளுடையதாக ஒருபோதும் இருக்கக் கூடாது. உதவி கேட்கலாம்: "தண்ணீர்ப் புட்டியை எடுத்து வா", "தம்பிக்கு மணலைக் கிண்ணத்தில் நிரப்பிக் காட்டு". அவை செய்தவுடன் முடிந்துவிடும் வேலைகள். "பார்த்துக்கொள்" என்பதற்கு முடிவே கிடையாது. நடுவில் உள்ளவன் சறுக்குமரத்தில் அழுதாலும், கடைக்குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டே அவனிடம் போங்கள். இரண்டு நிமிடம் கூடுதலாக அழுதால் அவனுக்கு ஒன்றும் ஆகிவிடாது.

அதே நேரத்தில், வயது கலந்து விளையாடுவதையே தவிர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மரியா மாண்டிசோரி 1939ஆம் ஆண்டில் இங்கே அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலத்தில் சில ஆண்டுகள் கொடைக்கானலிலும் இருந்தார். 3 முதல் 6 வயது வரையுள்ளவர்களை ஒரே அறையில் வைப்பது அவருடைய முறையின் அடிப்படை. சின்னவர் பார்த்துக் கற்கிறார், பெரியவர் காட்டிக் கொடுப்பதன் மூலம் தாம் அறிந்ததை உறுதிப்படுத்திக்கொள்கிறார். ஆனால் அந்த அறையில் பெரியவர் காட்டிக் கொடுப்பது அவருக்கு விருப்பம் இருக்கும்போது மட்டுமே. காவலுக்கு ஆசிரியை தனியாக இருக்கிறார்.

உங்கள் கடைக்குட்டி மணல் வீட்டை மிதிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மில்ட்ரட் பார்டன் என்ற ஆய்வாளர், பள்ளி செல்லும் வயதுக்கு முந்திய குழந்தைகளின் விளையாட்டைக் கவனித்து 1932இல் வகைப்படுத்தினார். தனியாக விளையாடுவது, பிறர் விளையாடுவதை நின்று பார்ப்பது, அருகருகே இருந்தும் அவரவர் போக்கில் விளையாடுவது ஆகியவை முதலில் வருகின்றன. சேர்ந்து ஒரே நோக்கத்தோடு விளையாடுவது மெல்ல மெல்லத்தான் வருகிறது. இரண்டு வயதுக்காரனுக்கு அது அக்காவின் வீடு என்பது தெரியாது, கால் பட்டால் சரிகிற அழகான மண் என்பது மட்டுமே தெரியும். நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் இதை நன்றாகக் கவனித்திருக்கிறார்கள். குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பிரித்தவர்கள், ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்களுள் ஒன்றாகச் சிற்றிலை வைத்தார்கள். மணலில் தாங்கள் கட்டிய சிறு வீட்டைக் காலால் அழித்துவிடாதே என்று சிறுமியர் அந்தச் சின்னஞ்சிறுவனிடம் கெஞ்சுவதே அந்தப் பருவத்தின் பொருள். உங்கள் பூங்காவின் மூலையில் நாள்தோறும் நடப்பதும் அதேதான். தீர்வு எளியது: மிதிப்பதற்கென்றே அவனுக்கு ஒரு வீட்டை நீங்கள் கட்டிக் கொடுங்கள். ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து எடுத்தால் வீடாகிவிடும். அவன் மிதிக்க, நீங்கள் மீண்டும் கவிழ்க்க, அவனுக்கு அதுவே கால் மணி நேரத்துக்குப் போதும்.

நம் தெருக்களில் ஏற்கெனவே இருந்த இன்னொரு வழியையும் நினைவுபடுத்துகிறேன். கண்ணாமூச்சியிலும் கல்லா மண்ணாவிலும் சின்னஞ்சிறு பிள்ளையை "ஒப்புக்குச் சப்பாணி" என்று சேர்த்துக்கொள்வோம். அந்தப் பிள்ளையும் ஓடும், ஒளியும், கத்தும். ஆனால் அதைத் தொட்டால் ஆட்டம் இழந்ததாகக் கணக்கில்லை. சின்னவனுக்குத் தானும் ஆட்டத்தில் இருக்கிற நிறைவு, பெரியவர்களுக்கு ஆட்டம் கெடாத நிம்மதி. இந்த ஏற்பாட்டைப் பெரியவர்கள் யாரும் புகுத்தவில்லை, பிள்ளைகளே செய்துகொண்டது. உங்கள் மகளிடம் அந்தச் சொல்லையும் பொருளையும் சொல்லுங்கள். எப்போது சேர்த்துக்கொள்வது, எப்போது வேண்டாம் என்று அவளே முடிவு செய்யட்டும்.

நேரத்தைப் பற்றி: நீங்கள் ஒரு மணி நேரம் இருப்பதாக வைத்துக்கொண்டால், போனவுடன் முதல் 20 நிமிடத்தைக் கடைக்குட்டிக்குக் கொடுங்கள். கூட்டம் குறைவாக இருக்கும், அவனும் களைத்திருக்க மாட்டான். அதன் பிறகு அவனை மணலிலோ மடியிலோ ஒரு தின்பண்டத்தோடு உட்கார வைத்துவிட்டு, அடுத்த 20 நிமிடத்துக்கு உங்கள் கண்கள் மூத்தவள் பக்கம் இருக்கட்டும். அந்த நேரத்தில் அவளை எதற்காகவும் கூப்பிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. தோழியின் முன்னால் திட்டியதற்காக அவளிடம் வருத்தம் தெரிவியுங்கள். "தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டியது அம்மாவின் வேலை, அதை உன்னிடம் கொடுத்தது என் தவறு" என்று அந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள்.


பதில் 3
எழுதியவர்: கிழக்குக் கரையோரம் (சிங்கப்பூர்)

வணக்கம் அக்கா. எனக்கு இரண்டு பெண்கள், 7 வயதும் 3 வயதும். இங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு இடையே உள்ள விளையாட்டுத் திடல்களில், 2 முதல் 5 வயது வரை உள்ளவர்களுக்கு ஒன்று, 5 முதல் 12 வயது வரை உள்ளவர்களுக்கு ஒன்று என்று அமைப்புகளைப் பிரித்து, பலகையும் வைத்திருப்பதைப் பார்க்கலாம். பலகை இருப்பதனால் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. என் சின்னவள் அக்கா ஏறுவதில்தான் ஏறுவேன் என்கிறாள். ஆனாலும் அந்தப் பிரிவினையின் காரணம் தெரிந்தால், பலகை இல்லாத இடத்திலும் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

முதற்காரணம் உயரம். விழும் உயரம் கூடக் கூட அடி பலமாகும் என்பதும், கீழே சிமெண்ட் கல் பதித்திருந்தால் சிறு உயரமே தலைக்கு ஆபத்து என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். அதிகம் பேர் கவனிக்காதது இடைவெளி. ஏணிப் படிகளுக்கு நடுவிலும் சறுக்குமர உச்சியின் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவிலும் உள்ள இடைவெளி 9 சென்டிமீட்டருக்கு மேல் 23 சென்டிமீட்டருக்குள் இருந்தால், சின்னக் குழந்தையின் உடம்பு கால்வழியாக நுழைந்துவிடும், ஆனால் தலை மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. ஒரு நாள் குழந்தைகள் இல்லாமல் போய், ஓர் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள். அப்படி ஓர் இடைவெளி இருந்தால், கடைக்குட்டியை அதன் மேல் தனியாக ஏற விடவே வேண்டாம்.

கழுத்துச் சங்கிலி, தாயத்துக் கயிறு, சட்டைத் தொப்பியின் நாடா, மிதிவண்டித் தலைக்கவசம் ஆகியவற்றை ஏறுவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். கம்பியில் சிக்கினால் கழுத்தை இறுக்கும். ராட்டினத்தருகே போகும்போது உங்கள் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள்.

இனிச் சொல்வது என் சொந்தத் தவறு. சின்னவளுக்கு 20 மாதம் இருக்கும்போது, அக்காவைப் போலச் சறுக்க வேண்டும் என்று அழுதாள். தனியாக விட்டால் ஆபத்து, மடியில் வைத்துக்கொண்டு சறுக்கினால் பாதுகாப்பு என்று நம்பி நான் உட்கார்ந்தேன். பாதி வழியில் அவளுடைய ரப்பர்ச் செருப்பு சறுக்கின் பக்கச் சுவரில் உரசி நின்றுவிட்டது. அவள் மட்டும் சறுக்கியிருந்தால் கால் மாட்டியதும் அவளும் நின்றிருப்பாள். என் எடையோடு சேர்ந்து உடம்பு கீழே போக, கால் மட்டும் பின்தங்கித் திருகிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரிசல். கட்டுப் போட்டு வாரக்கணக்கில் அவள் நடக்கவில்லை. மருத்துவர் இதைச் சிறிதும் வியப்பில்லாமல் கேட்டுக்கொண்டார், மடியில் வைத்துச் சறுக்கும்போது இப்படி நேர்வது வழக்கம் என்று விளக்கினார். அன்றைக்கு எனக்கு யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். தயவுசெய்து மடியில் வைத்துச் சறுக்காதீர்கள். சறுக்கின் அடிப்பகுதியில் ஓர் அடி உயரத்தில் குழந்தையை உட்கார வைத்து, இரு அக்குளையும் பிடித்துக்கொண்டு இறக்கிவிடுங்கள், அதுவே அதற்குப் பெரிய சறுக்கல்தான்.

உங்கள் சறுக்குமரம் இரும்பு என்று எழுதியிருந்தீர்கள். வெயில் காலத்தில் மாலை 5 மணிக்கும் அது சுடும். புறங்கையை ஐந்து நொடி வைத்துப் பாருங்கள், உங்களால் வைக்க முடியாவிட்டால் குழந்தையின் தொடைக்கு அது தீக்காயம்.

பழைய விளையாட்டிடங்களில் வயதுப் பிரிவே இருந்ததில்லை. இங்கே தோ பாயோவில் 1979ஆம் ஆண்டில் அமைத்த பறவைநாக (டிராகன்) வடிவ விளையாட்டிடம் இன்னும் இருக்கிறது. கோர் இயன் கீ வடிவமைத்தது. என் மனைவி சிறுமியாக ஏறியதில் இன்று என் பெண்கள் ஏறுகிறார்கள். தலைப்பக்கம் பெரியவளுக்கு, வாலின் தாழ்ந்த வளையங்கள் சின்னவளுக்கு என்று அவர்களே பிரித்துக்கொண்டார்கள். ஒரே கருவியில் இரண்டு வயதினருக்கும் இடம் இருக்கிறதா என்று பார்ப்பதும் ஒரு வழி, உங்கள் கம்பி ஏணியின் கீழ்ப்படி கடைக்குட்டிக்குப் போதுமானதாக இருக்கலாம்.


பதில் 4
எழுதியவர்: வைகைக் கரை (மதுரை)

அடையாறு அம்மையார் எழுதியதை இருமுறை படித்தேன். எங்கள் அக்காவுக்கு இப்போது 78 வயது. நேற்றுத் தொலைபேசியில், "சின்ன வயதில் என்ன விளையாடினாய்?" என்று கேட்டேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "நான் எங்கே விளையாடினேன், உங்களை அல்லவா தூக்கிக்கொண்டு திரிந்தேன்" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் நான் எழுதிய கடைசிப் பத்தியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.


பதில் 5
எழுதியவர்: தெருக்கோடி வீடு (சென்னை)

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

முதலில் மகளிடம் வருத்தம் தெரிவித்தேன். அடையாறு அம்மா எழுதிக் கொடுத்த சொற்களையே சொன்னேன், என் சொந்தச் சொற்களைத் தேடியிருந்தால் சமாதானம் சொல்லத் தொடங்கியிருப்பேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, தானாகவே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

ஊஞ்சலின் முன்னே 16 அடியை அளந்தபோது, அது மணலின் விளிம்பையே தாண்டிப் போயிற்று. அதாவது கடைக்குட்டி விளையாடிக்கொண்டிருந்த இடமே ஊஞ்சலின் எல்லைக்குள் இருந்திருக்கிறது. இப்போது அவனை மணலின் மறு ஓரத்தில், வேலியை ஒட்டி உட்கார வைத்து, நான் ஊஞ்சலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறேன். கிண்ண வீடுகளை மிதிப்பதில் அவனுக்கு இதுவரை அலுப்பு வரவில்லை. சறுக்குமர உச்சியின் கம்பி இடைவெளியை அளந்தேன், 14 சென்டிமீட்டர். இத்தனை நாள் அங்கே அவனை நிற்க வைத்துப் படம் எடுத்திருக்கிறேன் என்பதை நினைத்தால் இப்போதும் பகீரென்கிறது. பூங்காப் பொறுப்பாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அன்று சட்டையைப் பிடித்து இழுத்த பாட்டியைத் தேடிப் போய் நன்றி சொன்னேன். அவர் இப்போது நடை முடிந்ததும் பத்து நிமிடம் எங்களோடு உட்காருகிறார். இன்னொரு தாயும் நானும் பிள்ளைகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்கிறோம். "இப்போது உங்கள் பையன் என் பொறுப்பு" என்று வாய்விட்டுச் சொல்லி, அவர் "சரி" என்று பதில் சொன்ன பிறகே நகர்கிறோம். முன்பெல்லாம் நாங்கள் இருவரும் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு இருவரும் பார்க்காமல் இருந்திருக்கிறோம்.

மகள் அவளுடைய 20 நிமிடத்தில் பெரும்பாலும் கம்பி ஏணியில்தான் இருக்கிறாள். நான்காவது கம்பிக்கு மேல் போக முடியாமல் இருந்தவள், சென்ற வியாழக்கிழமை கடைசிக் கம்பி வரை போனாள். அதை நான் பார்த்தேன். ஒப்புக்குச் சப்பாணி என்ற சொல் அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது. ஆனால் அவள் தம்பிக்கு ஒரு வேலையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறாள்: கல்லா மண்ணாவில் ஆட்டம் தொடங்க அவன்தான் கை தட்ட வேண்டும். கேட்ட சமயத்தில் தட்ட மாட்டான், எல்லாரும் காத்திருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் மீதி இருக்கிறது. நடுவில் உள்ளவனைப் பற்றி நான் என் கேள்வியில் அழுதான் என்பதைத் தவிர எதுவும் எழுதவில்லை என்பதை, இதையெல்லாம் திரும்பப் படித்தபோதுதான் கவனித்தேன். சென்ற வாரம் அவனாகவே கேட்டான்: "அக்காவுக்கு நேரம், தம்பிக்கு நேரம், எனக்கு எப்போது?" ஐந்து வயதுக்காரனுக்குச் சின்னவனின் மணலும் போதவில்லை, பெரியவளின் கம்பியும் எட்டவில்லை. கணவர் வீட்டில் இருக்கும் சனிக்கிழமை காலையில், மற்ற இருவரையும் அவரிடம் விட்டுவிட்டு அவனை மட்டும் அழைத்துப் போனேன். சறுக்குமரத்தின் உச்சியில் வெகு நேரம் நின்றான். நான் கீழே நின்றேன், அவசரப்படுத்தவில்லை. பதினோரு முறை சறுக்கினான், ஒவ்வொன்றையும் எண்ணச் சொன்னான்.